கலர் கலரா மூளைப் படம்... கூலி யாரோடது சாமி?

ரெண்டு மூளை, பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு மஞ்சளும் செவப்புமா தீவாளி மாதிரி எரியுது. இன்னொண்ணு நீலமா, கரண்ட்டு போன வீடு மாதிரி கெடக்குது. கீழ "சாதாரண மூளை", "மனச்சோர்வு மூளை"ன்னு லேபிள். இந்தப் படத்தைப் பார்க்காத ஆளு தமிழ் இணையத்துல இருக்க வாய்ப்பே இல்லை. வாட்ஸப்புல வருது, விளம்பரத்துல வருது, நம்ம சக பதிவர்கள் நல்ல மனசோட எழுதுற "டிப்ரஷனும் ஒரு நோய்தான்" வகைப் பதிவுகள்லயும் தவறாம வருது.

இப்போ அதுக்கு ரெண்டாம் பாகம் ரிலீஸ் ஆகியிருக்கு. "மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தா, காந்தத் தூண்டல் சிகிச்சை உங்களுக்கு வேலை செய்யுமா செய்யாதான்னு முன்னாடியே சொல்லிடலாம்." கேக்கறதுக்கு எவ்ளோ அழகா இருக்கு!

சுத்தி வளைக்காம என் கட்சியைச் சொல்லிடறேன். காந்தத் தூண்டல் நெஜமான சிகிச்சை. ஸ்கேன் நெஜமான கருவி. ஆனா ஒரு தனி ஆளோட ஸ்கேனைப் பார்த்து "உனக்கு இந்தச் சிகிச்சை பலிக்கும், பலிக்காது"ன்னு காசு வாங்கிக்கிட்டு சொல்றது, இன்னிக்குத் தேதிக்கு ஜோசியம். கிளிக்குப் பதிலா கம்ப்யூட்டர் சீட்டு எடுக்குது, அவ்ளோதான் வித்தியாசம்.

ஆட்டோ அனுப்பறதுக்கு முன்னாடி முழுசா படிச்சுடுங்க.

முதல்ல காந்தம்

காந்தம்னு சொன்ன உடனே, ஊர் ஊரா கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டு வித்தாங்களே, அந்தக் காந்தப் படுக்கை, காந்தத் தண்ணி எல்லாம் ஞாபகம் வரும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அது ஏமாத்து வேலை. இது இயற்பியல்.

பள்ளிக்கூடத்துல ஃபாரடே விதி படிச்சிருப்போம். மாறுற காந்தப்புலம் பக்கத்துல இருக்குற கடத்தியில மின்சாரத்தை உண்டாக்கும். 1831 சமாச்சாரம். 1985-ல இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஆந்தணி பார்க்கர் குழு, ஒரு கம்பிச்சுருளை மனுஷன் தலை மேல வெச்சு ஒரு நொடிக்கும் ரொம்பக் கம்மியான நேரத்துக்குப் பெரிய மின்சாரத்தைப் பாய்ச்சினாங்க. மண்டை ஓட்டைத் திறக்காமலே மூளையில சின்னதா மின்சாரம் உண்டாகி, கை துடிச்சுது. அதுதான் டிஎம்எஸ். காந்தப்புலத்தோட பலம் சுமார் ஒண்ணரை, ரெண்டு டெஸ்லா, அதாவது எம்ஆர்ஐ மெஷின் அளவு. ஆனா தலைக்குள்ள ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும்தான் நேரடியா வேலை செய்யும்.

டிப்ரஷனுக்கு இதை இடது பக்க நெத்திக்குக் கொஞ்சம் மேல, பின்னால வெச்சுத் தட்டுவாங்க. வாரத்துக்கு 5 நாள், 4 வாரத்துலேர்ந்து 6 வாரம். 2008-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, மாத்திரை கேக்காத ஆளுங்களுக்கு. பழைய முறையில ஒரு தடவைக்கு முப்பத்தேழரை நிமிஷம் ஆகும். 2018-ல கனடாவுல 414 பேரை வெச்சு செஞ்ச ஆய்வுல, வெறும் 3 நிமிஷ முறையும் அதுக்குச் சமமா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுது. நம்ம பெங்களூர் நிமான்ஸ்லயும் வருஷக்கணக்கா இதுல ஆய்வும் சிகிச்சையும் நடக்குது.

பலன் எவ்ளோ? அங்கதான் கால் தரையில இருக்கணும். அமெரிக்க அரசு நிதியில 190 பேரை வெச்சு நடந்து 2010-ல வெளிவந்த ஆய்வுல, நெஜ டிஎம்எஸ் வாங்கினவங்கள்ல முழுசா தெளிஞ்சவங்க 14 சதவீதம். பொய் டிஎம்எஸ் வாங்கினவங்கள்ல 5 சதவீதம். அப்புறம் 2012-ல, வழக்கமான சிகிச்சை மையங்கள்ல 307 பேரைப் பார்த்து எழுதினதுல 37 சதவீதம் தெளிஞ்சாங்கன்னு வந்துச்சு. ஆனா அதுல ஒப்பிட்டுப் பார்க்கப் பொய்க்குழு கிடையாது. ஆக, மந்திரமும் இல்லை, மோசடியும் இல்லை. சில பேருக்கு நல்லா கேக்குது, சில பேருக்குக் கேக்கறதில்லை.

இந்த "சில பேரு" யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா எவ்ளோ நல்லா இருக்கும்! அந்த ஆசை நியாயமான ஆசை. அந்த ஆசையைத்தான் இப்போ விக்கறாங்க.

அப்புறம் ஸ்கேன்

எஃப்எம்ஆர்ஐ-ல வர்ற கலரைப் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். மூளைக்குள்ள எதுவும் செவப்பா எரியறதில்லை. மெஷின் பார்க்கறது ரத்தத்துல ஆக்சிஜன் ஏறி எறங்கறதை. அந்த மாற்றம் ரொம்பச் சின்னது, நிறைய இரைச்சலோட கலந்து வரும். அதைக் கணக்குப் போட்டு வடிகட்டி, "இந்த அளவுக்கு மேல இருந்தா செவப்பு பூசு"ன்னு ஒரு ஆளு முடிவு பண்ணி கலர் அடிக்கிறாரு. கோட்டை எங்க போடறோமோ அதைப் பொறுத்துப் படம் மாறும்.

2009-ல கிரெய்க் பென்னெட்டுனு ஒரு ஆராய்ச்சியாளர், செத்துப் போன சால்மன் மீனை ஸ்கேனர்ல படுக்க வெச்சு, அதுக்கு மனுஷங்க ஃபோட்டோவைக் காட்டி "இவங்க என்ன உணர்ச்சியில இருக்காங்க"ன்னு கேட்டாரு. கணக்கைச் சரியா திருத்தாம விட்டா, செத்த மீன் மூளையிலயும் செவப்புப் புள்ளி வந்துச்சு! 2012-ல அதுக்கு இக் நோபல் பரிசு குடுத்தாங்க. சிரிக்க வெச்சு யோசிக்க வைக்கிற பரிசு அது. ஸ்கேன் பொய்ன்னு அவர் சொல்லலை. கணக்குல கவனமா இல்லாட்டி ஸ்கேன் எதை வேணா சொல்லும்னு சொன்னாரு.

சரி, "ஸ்கேன் பார்த்துச் சொல்லலாம்"ன்னு எப்படிக் கெளம்புச்சு?

வெறும் கதை இல்லை, பின்னால நல்ல ஆராய்ச்சி இருக்கு. அதை மறைச்சா நான் ஜல்லி அடிக்கிறவன் ஆயிடுவேன்.

மூளையோட நடு ஆழத்துல, ரெண்டு பாதியும் ஒட்டுற இடத்துக்கு முன்னால அடியில ஒரு சின்னப் பகுதி. சோகத்தோட சம்பந்தப்பட்ட இடம்னு ஹெலன் மேபெர்க் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2005-ல அங்கயே மின்முனை பதிச்சு சிகிச்சையும் செஞ்சு பார்த்தாங்க. காந்தம் அவ்ளோ ஆழம் போகாது. ஆனா மேல்பரப்புல தட்டுற இடத்துக்கும் அந்த ஆழத்து இடத்துக்கும் தொடர்பு இருக்குல்ல? 2012-ல மைக்கேல் ஃபாக்ஸ் குழு ஒண்ணைக் கவனிச்சுது. மேல இருக்குற எந்தப் புள்ளி அந்த ஆழத்து இடத்தோட ஏறுக்குமாறா இயங்குதோ (இது ஏறினா அது எறங்கும்), அங்க தட்டினா பலன் அதிகமா இருக்குற மாதிரி தெரிஞ்சுது. அருமையான கண்டுபிடிப்பு.

அடுத்து 2017-ல கோனர் லிஸ்டன் குழு, 1100 பேருக்கு மேல ஸ்கேன் பார்த்து, டிப்ரஷன் நாலு வகைன்னு பிரிச்சாங்க. முதல் வகைக்கு டிஎம்எஸ் 80 சதவீதத்துக்கு மேல கேக்குது, ரெண்டாம் வகைக்கு 25 சதவீதம்தான்னு போட்டாங்க. உலகமே குதிச்சுது. விளம்பரக்காரங்க இன்னும் எறங்கலை.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் யாரும் ஃபார்வர்ட் பண்றதில்லை.

1. 2019-ல நெதர்லாந்துக்காரங்க அதே முறையை 187 பேர்கிட்ட செஞ்சு பார்த்தாங்க. அந்த நாலு வகை உறுதியா நிக்கலை.

2. 2023-ல லிஸ்டன் குழுவே (நேர்மையான ஆளுங்கய்யா, அதுக்கு ஒரு கும்பிடு) கனடா ஆய்வுல இருந்த 295 பேரோட ஸ்கேனை எடுத்து, ஃபாக்ஸ் சொன்ன தொடர்பைப் பரிசோதிச்சாங்க. தொடர்பு இருக்கு. ஆனா ஒருத்தருக்குப் பலன் கூட, ஒருத்தருக்குக் கம்மின்னு இருக்குல்ல, அந்த வித்தியாசத்துல அது விளக்கினது சுமார் 3 சதவீதம். நூறு பைசாவுல மூணு பைசா. அதுலயும், ஸ்கேனருக்குள்ள ஒரு தினுசா மூச்சு விடுறவங்ககிட்டதான் அந்தத் தொடர்பு பலமா தெரிஞ்சுது.

3. 2024-ல இங்கிலாந்துலேர்ந்து வந்த பிரைட்மைண்ட் ஆய்வு. 255 பேரு. மாத்திரை கேக்காதவங்க. ஒரு பாதிக்கு எஃப்எம்ஆர்ஐ தொடர்பைப் பார்த்து ஆளுக்கு ஆள் இடம் குறிச்சு காந்தத் தூண்டல். இன்னொரு பாதிக்கு சாதாரண எம்ஆர்ஐ-யை வெச்சு வழக்கமான இடத்துல காந்தத் தூண்டல். 26 வாரம் பார்த்தாங்க. ரெண்டு பக்கமும் நல்லா தேறினாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம்? இல்லை.

மறுபடி படிங்க. அந்தக் கலர் தொடர்புப் படம் கூடுதலா எதையும் குடுக்கலை.

"ஏன்யா, ஸ்டான்ஃபோர்டு?"ன்னு பின்னூட்டத்துல கேக்கப் போறீங்க, தெரியும். நானே சொல்லிடறேன். அங்க ஒரு நாளைக்கு 10 தடவை, 5 நாள், மொத்தம் 50 தடவை, எஃப்எம்ஆர்ஐ பார்த்து இடம் குறிச்சுத் தட்டினாங்க. 2022-ல வந்த ஆய்வுல நெஜ சிகிச்சை வாங்கின 14 பேர்ல 11 பேரு தெளிஞ்சாங்க. பொய் வாங்கின 15 பேர்ல 2 பேரு. அதே வருஷம் அமெரிக்க அனுமதியும் கிடைச்சுது. பிரமாதம்தான். ஆனா அந்த ஆய்வுல "ஸ்கேன் இல்லாம அதே 50 தடவை"ன்னு மூணாவது குழு இல்லை. 90,000 துடிப்பு அஞ்சு நாள்ல வாங்கினதால தெளிஞ்சாங்களா, ஸ்கேன் பார்த்து இடம் குறிச்சதால தெளிஞ்சாங்களா? அந்த ஆய்வை வெச்சு சொல்ல முடியாது. மொத்தம் 29 பேரு வேற. அதை விட முக்கியம், அங்கயும் ஸ்கேன் எடுத்தது எங்க தட்டணும்னு பார்க்க. இவருக்குக் கேக்குமா கேக்காதான்னு ஜாதகம் பார்க்க இல்லை. இந்த ரெண்டையும் கலந்து குழப்புறதுலதான் வியாபாரமே இருக்கு.

இது ஏன் எனக்கு வலிக்குது

நான் எழுதறது ஐயம்பேட்டையிலேர்ந்து. (தஞ்சாவூர் ஐயம்பேட்டை இல்லைங்க. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவுல இருக்குறது.) நெசவு ஊரு. ஒரு பட்டுச் சேலை தறியிலேர்ந்து எறங்க பத்து நாளும் ஆகும், வேலைப்பாட்டைப் பொறுத்து இருபது நாளும் ஆகும். எறங்கினாத்தான் கூலி.

இந்த மாதிரி ஊர்ல டிப்ரஷன் எப்படி வரும் தெரியுமா? "எனக்கு மனசு சரியில்லை"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "ஒடம்பு அசதியா இருக்கு", "தறிக்குழியில எறங்கவே தோணலை", "ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது"ம்பாங்க. பாவு அப்படியே கெடக்கும். முதலாளி ரெண்டு தடவை ஆள் அனுப்புவாரு. சொந்தக்காரங்க சோம்பேறின்னு பேரு வெப்பாங்க. ஒருத்தன் சோளிங்கர் கூட்டிப் போகச் சொல்வான். இன்னொருத்தன் தறியை வித்துட்டு கம்பெனி வேலைக்குப் போகச் சொல்வான்.

எங்க தெருப்பக்கம் ஒரு அண்ணன் இப்படி விழுந்தாரு. காஞ்சிபுரம் ஜிஎச்-ல மாத்திரை குடுத்தாங்க. மூணு வாரம் சாப்பிட்டாரு. "ஒண்ணும் கேக்கலை"ன்னு நிறுத்திட்டாரு. அவரோட மச்சான் இணையத்துல பார்த்து, சென்னையில ஒரு தனியார் எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அங்க "மொதல்ல மூளையைப் படம் புடிச்சுப் பார்த்துடுவோம், காந்த ட்ரீட்மெண்ட் ஒத்துக்குமான்னு தெரிஞ்சுடும்"ன்னாங்க. மூணு சேலைக் கூலி போச்சு. அண்ணியோட கம்மல் அடகுக்குப் போச்சு. கலர் பிரிண்ட் போட்டு ஃபைல்ல வெச்சுக் குடுத்தாங்க. கடைசியில சொன்னது, "உங்க மூளை டைப்புக்கு இது அவ்ளோ ரெஸ்பான்ஸ் இருக்காது."

திரும்பி வந்து அந்த ஃபைலை என்கிட்ட நீட்டினாரு. "பாரு தம்பி, எனக்கு மூளையே இப்பிடித்தானாம். இனிமே மாத்திரை சாப்ட்டு என்னா ஆவப்போவுது?"

காசு போனதைக் கூட விட்டுடலாங்க. ஒரு மனுஷன், ஏற்கனவே நம்பிக்கை வத்திப் போய் நிக்கிறவரு, "இனிமே தேற மாட்டேன்"ன்னு தீர்ப்பு எழுதின காயிதத்தைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்காரு. எதை வெச்சு எழுதின தீர்ப்பு? மூணு சதவீதத்தை வெச்சு.

அண்ணி விடலை. மறுபடி ஜிஎச்-க்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க. டாக்டர் திட்டலை. மாத்திரையை மாத்தி, அளவைக் கூட்டி, "ஆறு வாரம் முழுசா சாப்பிடணும், நடுவுல நிறுத்தக் கூடாது"ன்னு அண்ணிகிட்ட எழுதிக் குடுத்தாரு. தைராய்டு பார்க்கச் சொன்னாரு. இப்போ அண்ணன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தறியில உக்கார்றாரு. முழுசா தேறிட்டாருன்னு சொல்ல மாட்டேன். உக்கார்றாரு.

எதிர்க்கட்சி வாதங்கள்

இதைப் பத்தி நண்பர்கள் கிட்ட பேசினப்போ வந்த மறுப்புகளையும் போட்டுடறேன்.

"அறிவியல் வளரும்போது இப்படித்தான் இருக்கும், நீ பழமைவாதி."

வளரட்டுமே! ஆய்வுல சேர்றவங்களுக்கு ஸ்கேன் இலவசமா எடுக்கட்டும், கையெழுத்து வாங்கட்டும், முடிவை வெளியிடட்டும். அதுதான் ஆய்வு. அரைவேக்காட்டுல எறக்கி, நெசவாளிகிட்ட பில் போடறதுக்குப் பேரு அறிவியல் இல்லை. 2022-ல நேச்சர் இதழ்ல ஒரு பெரிய கணக்கு வந்துச்சு. மூளை ஸ்கேனையும் மனுஷ குணத்தையும் முடிச்சு போடற ஆய்வுகள் நம்பற மாதிரி இருக்கணும்னா ஆயிரக்கணக்கான பேரு வேணும்னு. அதுக்கு முன்னாடி வந்த பல ஆய்வுகள் சில பத்து பேரை வெச்சு நடந்தவை.

"ஸ்கேனைக் காட்டினாதான் வீட்ல நோய்னு நம்பறாங்க. சோம்பேறின்னு திட்டறது நிக்குது."

இதுதான் இருக்கறதுலயே பலமான வாதம். நானும் ரொம்ப யோசிச்சேன். ஆனா ஆராய்ச்சி என்ன சொல்லுது? 2013-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. "மூளையில கோளாறு, மரபணுவுல கோளாறு"ன்னு விளக்கினா, மத்தவங்க பழி சொல்றது குறையுது, நெஜம்தான். கூடவே "இவன் தேற மாட்டான்"கற எண்ணம் கூடுது. 2014-ல இன்னொண்ணு: முன்னாடி டிப்ரஷன் வந்து போன கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பொய் டெஸ்ட் எடுத்து, "உனக்கு மூளையில ரசாயனச் சமநிலை சரியில்லை"ன்னு சில பேர்கிட்ட சொன்னாங்க. அவங்க தங்களைத் தாங்களே பழிச்சுக்கறது குறையலை. தேறுவோங்கற நம்பிக்கைதான் குறைஞ்சுது. எங்க தெரு அண்ணன் ஃபைலை நீட்டிக்கிட்டு நின்ன அதே கதை.

வீட்டுக்குப் புரிய வைக்கணும்னா டாக்டர் பத்து நிமிஷம் பேசணும். அதுக்குப் பதிலா படம் குடுக்கறது சுலபம். பில்லும் பெருசு.

"அப்போ எல்லாமே கார்ப்பரேட் சதி. யோகா பண்ணு, கீரை சாப்பிடு, கோயிலுக்குப் போ."

அய்யா சாமிகளா, நான் உங்க கட்சியும் இல்லை. கோயிலுக்குப் போங்க, மனசுக்கு நல்லது. மாத்திரையை நிறுத்திட்டுப் போகாதீங்க. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியை மறந்துட்டோமா? சங்கிலியில கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள், தீ புடிச்சப்போ ஓடக் கூட முடியாம, 28 பேரு போய்ச் சேர்ந்தாங்க. சிகிச்சை கிடைக்காத இடத்துல என்ன நடக்கும்கறதுக்கு அதுக்கு மேல சாட்சி வேணுமா? படத்தை நம்பாதேன்னு நான் சொல்றது, டாக்டரை நம்பாதேன்னு அர்த்தம் இல்லை.

நமக்கு இது புதுசும் இல்லை

மூளைப் படத்தைப் பார்த்ததும் கன்னத்துல போட்டுக்கற பழக்கம் நம்ம நாட்டுக்கு ஏற்கனவே உண்டு. 2008-ல புனே கோர்ட்டு ஒண்ணு, ஒரு கொலை வழக்குல மூளை அலைச் சோதனை முடிவையும் சாட்சியா ஏத்துக்கிட்டு தண்டனை குடுத்துச்சு. "குற்றம் செஞ்ச அனுபவம் மூளையில பதிஞ்சிருக்கு"ன்னு மெஷின் சொல்லிடுச்சாம். உலகத்துல இருக்குற நரம்பியல் ஆளுங்க பாதிப் பேரு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அந்தக் காலத்துல நார்கோ, பிரெயின் மேப்பிங்னு டிவியில ஓடினதெல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2010 மே மாசம் உச்ச நீதிமன்றம் செல்வி வழக்குல, ஆளோட சம்மதம் இல்லாம இந்தச் சோதனைகள் எதுவும் செய்யக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு.

கோர்ட்டுல சந்தேகம் வந்த மாதிரி கிளினிக்லயும் வரணும். அங்க கைதிக்குச் சம்மதம் கேக்கணும்னு சட்டம் வந்துச்சு. இங்க நோயாளி சம்மதிச்சுக் காசும் குடுக்கறாரு. ஆனா என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு சொல்லாம வாங்கற சம்மதம் என்ன சம்மதம்?

ஜரிகை டெஸ்ட்டும் மூளை டெஸ்ட்டும்

எங்க ஊர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்றேன். ஜரிகையை மெஷின்ல வெச்சுப் பார்த்தா வெள்ளி எவ்ளோ, தங்கம் எவ்ளோ, செம்பு எவ்ளோன்னு சதவீதக் கணக்குல வரும். அதைப் பார்த்து வாங்கறவன் வெலையை மாத்துவான், இல்லைன்னா வேண்டாம்பான். டெஸ்ட்டுன்னா அதுதான். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், அந்தப் பதிலால முடிவு மாறும்.

டிப்ரஷனுக்கு மூளை ஸ்கேனை இந்த உரைகல்லுல உரசிப் பாருங்க. "இவருக்கு டிப்ரஷன் இருக்கா?" ஸ்கேன் சொல்லாது. டாக்டர் பேசித்தான் கண்டுபிடிக்கணும். "எந்த மாத்திரை கேக்கும்?" சொல்லாது. "காந்தம் கேக்குமா?" நூத்துக்கு மூணு பங்கு. அவ்ளோதான்.

ஸ்கேன் உருப்படியா பதில் சொல்ற கேள்விகளும் இருக்கு. வயசானவருக்குத் திடீர்னு குணமே மாறிப்போச்சு, வலிப்பு வருது, ஒரு பக்கம் கை கால் வலு கொறையுது, விடாத தலைவலி... அப்போ கட்டி இருக்கா, பக்கவாதமா, ரத்தக்கசிவான்னு பார்க்க ஸ்கேன் எடுத்தே ஆகணும். காந்தச் சுருளைச் சரியான இடத்துல வைக்க எம்ஆர்ஐ உதவும்கறதும் நியாயமான காரணம். முன்ன எல்லாம் கட்டைவிரல் துடிக்கிற எடத்தைக் கண்டுபுடிச்சு, அங்கேர்ந்து டேப்பு வெச்சு 5 சென்டிமீட்டர் முன்னால அளந்து வெப்பாங்க. தலைக்குத் தலை அளவு மாறுமில்ல, தப்பிப் போகும். அதுக்கு அப்புறம் வந்த நல்ல முறைகள் இருக்கு, சும்மா தலையை அளந்து கணக்குப் போடற முறை உள்பட.

எது பலனைத் தீர்மானிக்குதுன்னு எனக்குத் தோணுது தெரியுமா?

பஸ்ஸு. சிரிக்காதீங்க. வாரம் 5 நாள், 6 வாரம்னா 30 நாள். ஐயம்பேட்டையிலேர்ந்து சென்னைக்கு அறுபது எழுபது கிலோமீட்டர். 3 நிமிஷ சிகிச்சைக்கு ஒரு முழு நாள் போயிடும். தறி நிக்கும், கூலி நிக்கும். கூட ஒரு ஆள் வரணும், அவங்க கூலியும் நிக்கும். பத்தாவது நாளோட பாதிப் பேரு நின்னுடுவாங்க. எந்த எஃப்எம்ஆர்ஐ-யும் இதைக் காட்டாது. இதைத்தான் முதல்ல கேக்கணும்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு நிமான்ஸ் எடுத்தது. நம்ம தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலத்துல. டிப்ரஷன் இருக்கறவங்கள்ல சுமார் 85 சதவீதம் பேருக்கு சிகிச்சையே கிடைக்கலைன்னு சொல்லுச்சு. மாத்திரையே எட்டாத 85 பேரு வெளிய நிக்கிறாங்க. நாம உள்ள உக்காந்துக்கிட்டு 3 சதவீதத்தை கலர் பிரிண்ட் போட்டுக்கிட்டு இருக்கோம். நுண்ணரசியல் எல்லாம் வேணாம், இது பச்சை அரசியல்.

எனக்கு வேணுங்கறது இதுதான்: மாவட்ட ஆஸ்பத்திரியிலயே ஒரு டிஎம்எஸ் மெஷின், டேப்பு வெச்சு அளந்து தட்டற ஒரு பயிற்சி பெற்ற ஆளு, வர்றவங்களுக்குப் பஸ் காசு. கனடா ஆய்வும் இங்கிலாந்து ஆய்வும் சேர்த்துப் படிச்சா இந்த முடிவுக்குத்தான் வருவீங்க. கலர்ப் படத்துக்கு இல்லை.

யாராச்சும் ஸ்கேன் எடுக்கச் சொன்னா கேக்க வேண்டிய கேள்விங்க

1. "இந்த ரிசல்ட் எப்படி வந்தா சிகிச்சையை மாத்துவீங்க சார்?" எப்படி வந்தாலும் ஒண்ணேன்னா, எடுக்காதீங்க.

2. "இது எங்க தட்டணும்னு பார்க்கவா, கேக்குமான்னு பார்க்கவா?" ரெண்டாவதுன்னா கும்பிட்டுட்டு எழுந்துடுங்க.

3. "இதுவரைக்கும் சாப்பிட்ட மாத்திரை, சரியான அளவுல, சரியா ஆறு வாரம் ஆச்சா? தைராய்டு பார்த்தாச்சா?" ஆகலைன்னா முதல்ல அது.

4. டிஎம்எஸ் எடுக்கறதா முடிவானா: "தலைக்குள்ள உலோகம், காதுக்குள்ள வெச்ச கருவி, முன்ன வலிப்பு வந்ததா"ன்னு அவங்க உங்களைக் கேக்கணும். கேக்கலைன்னா அந்த இடம் சரியில்லை. வலிப்பு அபூர்வம்தான், தலைவலிதான் சாதாரணமா வரும், ஆனாலும் கேக்கணும்.

5. "மொத்தம் எத்தனை நாள், எவ்ளோ ஆகும், நின்னா என்ன, திரும்ப வந்தா என்ன?" எழுதி வாங்குங்க.

ஒண்ணு மட்டும் அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க. ஒருத்தர் செத்துப் போகணும்னு பேச ஆரம்பிச்சுட்டாருன்னா, ஸ்கேனுக்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிக்கிட்டு உக்காராதீங்க. டிஎம்எஸ் வாரக்கணக்குல வேலை செய்யற சமாச்சாரம், அவசரத்துக்கு ஆகாது. நேரா மனநலப் பிரிவு இருக்குற ஆஸ்பத்திரிக்கு, அன்னிக்கே.

சக பதிவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டிப்ரஷன் பத்தி எழுதுங்க, நிறைய எழுதுங்க. "ஸ்கேன்ல தெரியுது, அதனால நோய்"ன்னு மட்டும் எழுதாதீங்க. நாளைக்கு ஒருத்தருக்கு ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னா? அப்போ அவரு நடிக்கிறாருன்னு ஆயிடுமா? ஒரு நெசவாளி தறியில எறங்க முடியலைன்னு சொன்னா, அதுவே சாட்சி. அதுக்கு மேல கலர் பிரிண்ட் தேவையில்லை.

கும்மி அடிக்கிறவங்க அடிக்கலாம். தகவல் தப்புன்னா தரவோட வாங்க, பேசுவோம்.

பி.கு.: மத்திய அரசோட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கு. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். இந்தப் பதிவை ஃபார்வர்ட் பண்ணாட்டியும் பரவால்லை, அந்த எண்ணை மட்டும் பண்ணுங்க.